சொற்களவு

பொன்னும் நெல்லும் ஆவும் போல்வனவற்றைப் பிறரறியாமற் கவர்ந்துகொள்ளுதலே களவென்று உலகத்தார் பெரும்பாலும் கருதுவர். கவரப்பட்டவன் வீட்டில் அப்பொருள் குறைந்து காணப்படுதலின் அக்களவு எளிதிற் புலனாகின்றது. சொல்லோ அவ்வாறன்று. ஒருவன் எழுதிய சொல்லை மற்றொருவன் எடுத்துத் தன்னதென்று வைத்துக்கொண்டவிடத்தும், எழுதினவன் ஏட்டில் ஓரெழுத்தேனுங் குறைவதில்லை. குறையாத பொருளைக் கொண்டதனைக் களவென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? பொருந்துமேல், அக்களவால் இழந்தவர் யாவர்? இழக்கப்பட்டது யாது? இவ்வினாக்களைச் சைவசித்தாந்த நெறிநின்று ஆராய்தற்கு அண்மையில் நேர்ந்ததொரு நிகழ்ச்சி எம்மை ஏவிற்று.

பூந்தமல்லியை அடுத்துள்ள பாரிவாக்கம் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த ஊர். இன்று வயல்கள் பல மனைகளாகிவிட்டன. உழுதவர் பேரர் கணினி அலுவலகங்கட்குச் செல்கின்றனர். அவ்வூர் அன்பர் ஒருவரின் மைந்தர், பொறியியற் பட்டம் பெற்று நான்காண்டு பணியாற்றியவர், மேனாட்டு வணிக மேலாண்மைக் கல்லூரியொன்றிற் சேர விரும்பி, அதற்குரிய விண்ணப்பக் கட்டுரையை எம்பாற் கொணர்ந்து, பிழை இருப்பின் திருத்தித் தருமாறு வேண்டினார். கட்டுரை மிக அழகிதாயிருந்தது. பிழையென்று சுட்டுதற்கு ஒன்றுமில்லை. ஆயின், தம் பாட்டனார் நடத்திய ரொட்டிக்கடை நொடித்துப்போகும் நிலையில், தாம் சிறு பருவத்திலேயே கணக்கெழுதி அதனை மீட்டதாக அதன்கண் ஒரு பகுதி இருந்தது. அவர் பாட்டனாரை யாம் நன்கறிவோம். அவர் ஏரியின்கீழ்ச் சிறிது நிலம் வைத்து உழுதுண்டவர். ரொட்டிக்கடை வைத்ததுமில்லை, ரொட்டியை விரும்பி உண்டதுமில்லை.

“தம்பி, இக்கடை எவ்வூரில் இருந்தது?” என்று வினவினோம். அவர் தலைகுனிந்து, “ஐயா, இது மாதிரிக் கட்டுரைத் தொகுதியொன்றிலிருந்து எடுத்தது. என் வாழ்க்கையில் இவ்வாறு எழுதத்தக்கது ஒன்றுமில்லையே” என்றார். சற்றுப் பொறுத்து, “தாங்கள் சினவாது கேட்டல் வேண்டும். கோயிலிற் சொற்பொழிவு ஆற்றும்போது தாங்கள் கூறும் விளக்கங்களெல்லாம் தாங்களே கண்டனவா? எல்லாம் முன்னைப் பெரியோர் கூறியனதாமே? அவ்வாறாயின் யான் செய்தது மட்டும் எங்ஙனங் குற்றமாகும்?” என்று வினவினார்.

உடனே விடை கூற எமக்கு இயலவில்லை. என்னை? சில ஆண்டுகட்கு முன்னர் ஒரு திருவிழாச் சொற்பொழிவில், அறிஞர் ஒருவர் உரையிற் கண்ட நயமொன்றை அவர் பெயர் கூறாது எடுத்துரைத்தோம். அவையோர் அதனை எம்முடையதென்றே எண்ணி மகிழ்ந்து மாலையிட்டபோது வாளாவிருந்தோம். அம்மாலையின் நினைவு அப்பொழுது எம்மை வருத்திற்று. ஆதலின் இக்கட்டுரை அவ்விளைஞர்க்கு மட்டுமன்றி எமக்கும் எழுதிக்கொண்டதேயாம்.

இக்குற்றம் ஓரூரார் குற்றமன்று. அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்மீல் வணிகக் கல்லூரியில், 2010-ஆம் ஆண்டுச் சேர்க்கையின்போது 29 விண்ணப்பக் கட்டுரைகள் பிறர் எழுத்தைக் கவர்ந்தனவாகக் கண்டறியப்பட்டன. அவர்கட்குத் தரப்பட்டிருந்த பொருள் அறநெறி வழுவாத் தலைமை என்பது! லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆண்டர்சன் மேலாண்மைக் கல்லூரி, 2012-ஆம் ஆண்டில் இக்காரணம்பற்றியே 52 பேருடைய விண்ணப்பங்களைத் தள்ளியது. கட்டுரைகளை முன்னுள்ள எழுத்துக்களோடு ஒப்பிட்டுக் காட்டும் டர்னிட்டின் என்னும் மென்பொருளால் இவை வெளிப்பட்டன. நம் நாட்டில் ஐ.ஐ.எம். கல்லூரிகள் பல, கேட் தேர்வில் தேறியவரைத் தம் கண்ணெதிரேயே அமர்த்திக் கட்டுரை எழுதச் செய்யும் வழக்கமுடையன. ஆண்டு இக்களவிற்கு இடமில்லை. வீட்டிலிருந்து எழுதி விடுக்குங் கட்டுரையிலேயே இது நுழைகின்றது.

சென்னையிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து ஹார்வர்டில் பயின்ற மாணவியொருவர், தம் பத்தொன்பதாம் அகவையில் ஆங்கில நாவலொன்றை வெளியிட்டார். அதன் கதை, அப்பல்கலைக்கழகத்தில் இடம்பெறுதற்கு ஒரு பெண் தன்னை எவ்வாறெல்லாம் புனைந்துகொள்கின்றாள் என்பதே. அந்நூலின் பல பகுதிகள் வேறொருவர் நாவல்களை ஒத்திருந்தமை வெளிப்படவே, லிட்டில் பிரௌன் பதிப்பகத்தார் 2006-ஆம் ஆண்டில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். படித்தவை தம்மையறியாமல் மனத்திற் படிந்து எழுத்தில் வந்தன என்பது அவர் கூறிய அமைதி. இளமையில் நேர்ந்ததொன்றை எஞ்ஞான்றும் ஒருவர் தலைமேற் சுமத்துதல் அறமன்றாகலின் அவர் பெயரை ஈண்டுக் கூறாது விடுகின்றோம். அவர் கூறிய அமைதி மட்டும் பின்னர் நமக்குப் பயன்படும்.

இனி, விண்ணப்பக் கட்டுரையின் இயல்பினை முதற்கண் நோக்குவாம். தன்னைத் தானே புகழ்தல் தகாதென்பது தமிழ் மரபு. எனினும், புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்கள் நான்கென நன்னூலுடையார் வகுத்தனர். அவற்றுள் முதலாவது, அரசன் அவைக்கு ஓலை விடுக்குங் காலம். இரண்டாவது, தன் ஆற்றலை அறியாதாரிடத்து நிற்குங் காலம். கல்லூரிக்கு எழுதும் விண்ணப்பம் இவ்விரண்டிடத்தையும் ஒருங்கே தழுவியது. ஆதலால் அதன்கண் தன்னைப் பற்றிக் கூறிக்கொள்ளுதல் இழுக்கன்று. ஆயினும், அவ்விடங்களில் எடுத்துரைக்குமாறு நன்னூல் விடை தந்தது தன்னுடைய ஆற்றலையேயன்றிப் பிறனுடைய ஆற்றலையன்று. ஒரு பாட்டையோ கதையையோ கவர்ந்தவன் பிறன் செய்பொருளைக் கவர்ந்தான். விண்ணப்பக் கட்டுரையைக் கவர்ந்தவனோ பிறன் வாழ்வையே கவர்ந்து, ‘யான் இன்னன்’ என்னுஞ் சான்றினைப் பொய்ச்சான்றாக்கினான். திருவள்ளுவர் கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை என்னும் மூன்றதிகாரங்களையும் 28, 29, 30 என அடுத்தடுத்து வைத்தனர். வேடம் பூணுதலும், கவர்தலும், பொய்த்தலும் ஒன்றையொன்று பற்றி வருவன என்பதற்கு இக்கட்டுரைக் களவினும் தக்க எடுத்துக்காட்டு வேண்டா.

அற்றேல், அவ்விளைஞர் எழுப்பிய தடைக்கு விடை யாதெனின், கூறுதும். உயிர் தானே அறிவதன்று, அறிவிக்க அறிவது என்பது சித்தாந்தத் துணிபு. கண்ணுக்குக் காணும் இயல்பு உளதாயினும் ஞாயிற்றின் ஒளியின்றி அது காணமாட்டாது. அதுபோல, உயிர்க்கு அறியும் இயல்பு உளதாயினும் திருவருள் உணர்த்தினாலன்றி அஃது உணரமாட்டாது. மேலும், சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. படிகம் தன்னை அடுத்த நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுமாறு போல, உயிரும் தான் அடுத்தவற்றின் தன்மையை மேற்கொண்டு நிற்கும். தாய் பேசிய மொழியையே குழந்தை பேசுகின்றது. ஆசிரியன் காட்டிய வழியிலேயே மாணவன் எண்ணுகின்றான். மேலே கூறிய நாவலாசிரியர் சொல்லிய அமைதியும் இவ்வியல்பைப் பற்றியதே. ஆகவே, ‘என் அறிவு முழுதும் யானே ஈட்டியது’ என்னத்தக்கார் ஒருவரும் இலர். இவ்வளவில் அவ்விளைஞர் கூற்று மெய்யேயாம்.

ஆயின், அவ்வுண்மையினின்றும் அவர் கொண்ட முடிபு பெறப்படாது. அதற்கு மறுதலையே பெறப்படும். எல்லாம் பிறர் கொடுக்க வந்தனவாயின், கொடுத்தவரை மறைத்தலன்றோ பெருங்குற்றமாவது? பெற்றுக்கொள்ளுதல் குற்றமன்று, பெற்றதனைப் பெறாததுபோற் காட்டுதலே குற்றம். கண் ஒளியாற் காண்பது இயற்கை, ‘ஒளி எற்றுக்கு? யானே ஒளி’ என்று அது செருக்குமாயின் அச்செருக்கே குருடு. இச்செருக்கினையே நம் ஆசிரியன்மார் ஆணவமென்றனர். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னையேனுங் காட்டும். ஆணவ இருளோ தன்னையுங் காட்டாதென்பது உமாபதிசிவனார் தெளிவித்த உண்மை. சொற்களவின் இயல்பும் அதுவேயாதல் காண்க. அது கொடுத்தவரை மறைக்கின்றது. தான் மறைத்த செயலையும் உடன் மறைக்கின்றது.

கொண்டதனைக் கூறிக் கொள்ளுதல் எத்துணைச் சிறப்பிற்றென்பதற்குப் பாரிவாக்கத்தார் நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. பூந்தமல்லிக்குத் தெற்கேயுள்ள குன்றத்தூர் சேக்கிழார் பெருமான் பிறந்தருளிய ஊர். அவர் அருளிய திருத்தொண்டர் புராணம் நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களையுடையது. அதன் வரலாறுகட்கு முதலாயது சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய திருத்தொண்டத்தொகை. வழியாயது நம்பியாண்டார் நம்பிகளின் திருத்தொண்டர் திருவந்தாதி. தொகை, வகை, விரி என வழங்கும் இம்முறையிற் சேக்கிழாரது நூல் விரி. அவர் இதனை மறைத்தாரல்லர். நூலின் தொடக்கத்திலேயே அவ்விருவரையும் எடுத்தோதி, அவர் கூறியவாறு வழுவாமற் கூறுவேமென்று உலகறிய உரைத்தனர். பொருளை அவரிடத்துக் கொண்டார். எனினும் அவரைக் களவுடையாரென்பார் எவருமிலர். கொண்ட விடத்தைக் கூறியதனால் அவர் புகழிற் குறைந்ததும் ஒன்றுமில்லை.

சித்தாந்த சாத்திரங்களின் வைப்புமுறையும் இதுவே. மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் முதனூல். அருணந்திசிவனாரது சிவஞானசித்தியார் அதன் வழிநூல். உமாபதிசிவனாரது சிவப்பிரகாசம் சார்புநூல். பெரும்புலமையாற் சகலாகம பண்டிதரெனப் பெயர் பெற்ற அருணந்தியார், அகவையில் தம்மினும் மிக இளையவராகிய மெய்கண்டாரை ஆசிரியராகக் கொண்டு, அவர் பன்னிரண்டு சூத்திரங்களின் வழியிலேயே தம் நூலை நடத்தினார். வழிநூலென்னும் பெயரை அவர் இழிவாகக் கருதினாரல்லர். நூற்குப் பாயிரங் கூறவேண்டிய எட்டனுள் நூல் செய்தோன் பெயர் முதலில் நிற்ப, அதனையடுத்து நிற்பது வழி. எழுதினவன் யாவன், எவர் வழி எழுதினான் என்னும் இரண்டையுங் கூறிய பின்னரே நூலின் பெயரையுங் கூறுதல் நம் முன்னோர் கொண்ட முறை. இக்காலப் பல்கலைக்கழகங்கள் மேற்கோளென்றும் அடிக்குறிப்பென்றும் வற்புறுத்துவது நமக்குப் புதிதன்று.

மற்றொரு தடை எழலாம். திருக்கோயிலிலே அன்பர்கள் தேவார திருவாசகங்களை ஓதுங்கால், பாடியருளிய பெரியோர் தம்மைக் குறித்துக் கூறிய சொற்களைத் தம் சொல்லாகவே வைத்து உருகுகின்றனர்; பிறர் கண்ணீரைத் தம் கண்ணீராக்குகின்றனர்; அதுவுங் களவாமோ எனின், ஆகாது. முதலாம் இராசராசர் தஞ்சைப் பெருவுடையார் திருமுன்பில் 48 பிடாரர்களைத் திருப்பதிகம் ‘விண்ணப்பம்’ செய்யுமாறு நியமித்தார் எனக் கல்வெட்டுக் கூறும். அவர் செய்ததும் விண்ணப்பமே, பிறர் சொல்லாலாய விண்ணப்பமே. ஆயின் அச்சொல் எவருடையதென்பதைக் கேட்கும் இறைவனும் அறிவான், உடனிருக்கும் அடியாரும் அறிவர். ஞானசம்பந்தப் பெருமான் பதிகந்தோறும் திருக்கடைக்காப்பில் தம் பெயரைப் பொறித்தருளினமையால், பாடுவோர் அப்பெயரையுஞ் சேர்த்தே பாடுகின்றனர். ஈண்டு மறைப்பில்லை. அன்றியும், பாடுவோர் அச்சொல்லாற் பிறரைத் தள்ளித் தாம் ஓரிடம் பெறுவாருமல்லர். அச்சொற்குத் தகத் தம்மை உருக்கிக்கொள்ள முயல்வோரேயாவர். சொல்லின் அளவிற்குத் தான் உயர விரும்பி ஓதுதல் வேறு; தான் உயராமலே சொல்லை முன்னிறுத்தி உயர்ந்தானாகக் காட்டுதல் வேறு.

இனி, பிறர் எழுதிக் கொடுத்ததனைக் கவர்ந்தால்தானே களவு? பொருள் கொடுத்து எழுதுவித்துக்கொண்டால், எழுதியவன் உடன்பட்டே தருகின்றானாகலின் ஆண்டுக் களவில்லையே எனின், அதுவும் ஆராயத்தக்கதே. இவ்வாறு கட்டுரை எழுதிக் கொடுத்துப் பொருளீட்டுவோர் இக்காலத்துப் பலர். இவர் சார்பில் தருமி வரலாற்றை எடுத்துக்காட்டுவாரும் உளர். ஆலவாயிறைவனே பாட்டெழுதிக் கொடுக்க, அதனைத் தருமி தன் பாட்டெனக் கொண்டுசென்று ஆயிரம் பொன் வேண்டி நின்றானன்றோ என்பர்.

அத்திருவிளையாடலை முடியக் கேட்டார் இவ்வாறு கூறார். பாண்டியன் வேண்டியது தன் மனத்து ஐயத்தைத் தீர்க்கும் பாட்டு. பாடினவன் எத்தகையன் என்னும் வாழ்க்கைச் சான்றன்று. பாட்டு அவ்வையத்தைத் தீர்த்தது. ஆயினும் நக்கீரர் குற்றங் கூறியவிடத்துத் தருமி ஒரு விடையும் கூறமாட்டாது வருந்தி மீண்டான். இரவற் சொல்லின் இயல்பு இதுவே. இட்ட விடத்தில் இருக்கும், வினவியவிடத்து உதவாது. இறைவனோ மறைந்திருந்தானல்லன். தானே சங்க மண்டபத்தில் எழுந்தருளி, தன் பாட்டெனக் கூறி, அதற்குற்ற வினாவைத் தானே ஏற்றுக்கொண்டான். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டாக உள்ள அச்செய்யுட்கு இன்றும் வழங்கும் ஆசிரியர் பெயர் இறையனார் என்பதே, தருமி என்பதன்று. பொற்கிழி தருமிக்குச் சென்றது; பாட்டு உரியார்க்கே சென்றது. கூலிக்கு எழுதுவோருள் எவரேனும் கல்லூரியின் அவைமுன் வந்து, ‘இக்கட்டுரை எம்முடையது, குற்றமிருப்பின் எம்மை வினவுக’ என்பரோ? உடன்பட்டுக் கொடுத்தமையால் எழுதினவன் ஒன்றும் இழந்திலன் என்பது ஒக்கும். ஆயினும் படிக்கும் அவையினர் ஏமாற்றப்பட்டமை அவ்வுடன்பாட்டால் நீங்குமாறில்லை.

அற்றேல், இயந்திரம் எழுதித் தருவதாயின் என்னையெனின், இது காலத்தின் புதுவினா. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், வேண்டுவார் வேண்டியவாறு நொடிப்பொழுதிற் கட்டுரை கிடைக்கின்றது. அச்சொற்களை இன்னார் எழுதினார் என்று சுட்ட ஒருவரும் இலர். ஒப்பிட்டுக் காட்டும் மென்பொருட்கும் முன்னுள்ள ஏடு அகப்படாது. இழந்தவர் இலராகவே குற்றமுமில்லையென்று தோன்றும். சொற்களவின் உண்மையான குற்றம் இவ்விடத்தேதான் நன்கு விளங்குகின்றது. குற்றம் எழுதினவனுக்கு நேர்ந்த இழப்பளவில் நின்றதாயின், எழுதினவனில்லாதபோது அதுவும் இல்லாதொழியவேண்டும். ஆனால் ரொட்டிக்கடை நடத்தாத பாட்டனார்க்கு ஏடு ஒரு ரொட்டிக்கடையைத் தந்தாலென், இயந்திரம் தந்தாலென்? பொய் பொய்யே. நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டு வகுத்த விதிகள், ஆய்வேட்டின் ஒப்புமை நூற்றுக்குப் பத்து வரை இருப்பின் தண்டமின்றி விடுத்து, அறுபதுக்கு மேற்படின் ஆய்வாளர் பதிவையே நீக்குமாறு கூறுகின்றன. ஆளுதற்கு இவ்வளவைகள் வேண்டுவனவே. ஆயினும் இவை சொல்லை எண்ணுமேயன்றி உள்ளத்தை எண்ணா. ஒப்புமை ஒன்றுமின்றியே ஒருவன் முழுப்பொய் எழுதலாம். கள்ளும் எண்ணமே குற்றமென்ற கள்ளாமை அதிகாரத்தின் அளவைக்கு நூற்றுவீதமில்லை.

‘எல்லாருஞ் செய்கின்றனர், யானும் குடும்பத்தைக் காத்தற்பொருட்டே செய்கின்றேன்’ என்பது இறுதித் தடை. இதனை எளிதிற் புறந்தள்ளுதற்கில்லை. மகன் படிப்புக்காக மனையை அடகு வைக்குந் தந்தையரை யாமும் அறிவோம். ஆயினும் இழப்பவர் யாவரென்பதை ஈண்டுக் காணல் வேண்டும். கல்லூரியின் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டன. பொய்யால் ஒருவன் புகுந்தால் மெய்யால் நின்ற ஒருவன் வெளியே நிற்பான். அவனும் ஒரு தந்தையின் மகனே. அவன் மனையும் அடகிலிருக்கலாம். அவன் முகம் நமக்குத் தெரியாதென்பதொன்றே நம் உள்ளம் கூசாமைக்குக் காரணம்.

நோக்கம் நன்றாயின் சொல் பிறழலாமென்பார், பாரிவாக்கத்திற்கு அணித்தாகவுள்ள திருமுல்லைவாயிலை நினைப்பாராக. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரிலே மகிழின்கீழ்ச் சங்கிலியாரைப் பிரியேனென்று சூளுரைத்தனர். பின்னர் அவர் அதனைத் தப்பியது பொருள்பற்றியன்று. திருவாரூரிற் பெருமானது வசந்த விழாவைக் காணவேண்டுமென்னும் பேரன்பினாலாம். அதனினும் நல்ல நோக்கம் வேறு யாது? எனினும், எல்லை கடந்தவளவிற் கண்ணொளி மறைந்தது. திருமுல்லைவாயிலிற் பாடி வேண்டினார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலே கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றொரு கண்ணுமாக அவ்வொளி மீண்டது. தோழரென்று தாம் அழைத்த ஒருவர்க்கும் இறைவன் சொல்லின் விலையைத் தள்ளிக் கொடுத்திலன். ஆயினும் வழிநெடுகக் கைவிட்டிலன். பிழைத்தவர்க்கு அச்சமும் ஆறுதலும் ஒருங்கே தரும் வரலாறு இது.

இவ்வாற்றாற் சொற்களவால் இழந்தவர் மூவரெனப் பெறப்படும். எழுதினவன் தனக்குரிய பெயரை இழந்தான். மெய்யால் நின்ற பிறன் தன் இடத்தை இழந்தான். கவர்ந்தவனோ தன்னையே இழந்தான். மூன்றாவதே பேரிழப்பென்பது எம் கருத்து. என்னை? அகப்பை எத்துணை முறை குழம்பில் மூழ்கினும் சுவையை அறியாது. இறைவன் உயிர்கட்கு ஆற்றும் உதவி, காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இருவகைத்தென்பர். பிறர் எழுதியதைப் படிக்குங்கால் நமக்குக் காட்டப்படுகின்றது; அதனை நாம் எண்ணி, நம் வாழ்வில் வைத்துப் பார்த்து, நம் சொல்லால் உரைக்குங்காலே காணப்படுகின்றது. கவர்ந்தெழுதினவன் காட்டப்பட்டதனைக் கண்ணை மூடிக்கொண்டு கடத்தினான். ‘நீ யார்? என் செய்தனை? என் செய்ய விழைகின்றாய்?’ என்று கல்லூரி வினவியது. வாழ்நாளில் ஒருவன் தன்னைத் தான் வினவிக்கொள்ளுதற்கு வாய்த்த நல்லதோர் அமயம் அது. தன்னையறிதலே தலைவனையறிதற்கு வாயிலென்று கூறும் நெறியினராகிய நாம், அவ்வினாவிற்கு இரவல் விடை தருதல் எத்துணைப் பேதைமை!

‘என் வாழ்க்கையில் எழுதத்தக்கது ஒன்றுமில்லை’ என்று அவர் கூறியதே எம்மை மிகவும் வருத்திற்று. அவர்க்கு யாம் திருநின்றவூர்ப் பூசலார் வரலாற்றை நினைவூட்டினோம். பாரிவாக்கத்தினின்றும் ஒரு காலைப்பொழுதிற் சென்று வழிபட்டு மீளத்தக்க ஊர் அது. கோயிலெடுக்கப் பொருள் தேடியுங் கிடையாத பூசலார், மனத்தினாலே கல்லும் மரமுங் கொணர்ந்து, அடிநிலை முதல் சிகரம் வரை நாடோறும் சிறிது சிறிதாக எடுத்தனர். அதே காலத்திற் பல்லவ மன்னர் காஞ்சியிற் கற்றளி எடுத்தனர். இறைவன் மன்னர் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் எடுத்த ஆலயத்தில் நாளை புகுவோம், நீ வேறு நாள் கொள்க என்றருளினான். ஊராருள் ஒருவர்க்கும் அவ்வாலயம் தெரியவில்லை. பூசலார் பிறர் கோயிலைத் தமதென்று காட்டினாரல்லர். தமதெனத் தம்முள் எடுத்ததொன்றே அவர்க்கு உண்டு. அதுவே முந்திற்று. உரியவன் உழைப்பைக் காண்பான் ஒருவன் உளனென்னுந் துணிவு உள்ளார்க்குப் பிறன் உழைப்பைக் கடன்கொள்ள வேண்டுவதில்லை.

மூன்றாம் நாள் அவர் வேறு இரண்டு பக்கங்களுடன் வந்தார். ஏரி நிரம்பிய ஆண்டிலும் வற்றிய ஆண்டிலும் தம் பாட்டனார் நெல்லை எங்ஙனம் பங்கிட்டார், நிலத்தை விற்றபோது தந்தையார் எவ்வாறு இரண்டு நாள் உண்ணாதிருந்தார், அப்பணத்தால் படித்த தாம் இனி யாது செய்யக் கடவர் என்பன அவற்றில் இருந்தன. முன்னைய கட்டுரையின் அழகு இதற்கில்லை, பிழைகள் பல. எழுத்துப் பிழைகளையும் முறிந்த வாக்கியங்கள் சிலவற்றையும் திருத்தினோம். “ஐயா, இத்திருத்தம் தங்களுடையது, இதுவும் இரவலன்றோ?” என்றார். வினா நன்றென மகிழ்ந்து, “தம்பி, மொழியின் தூசு துடைத்தல் வேறு, முகத்தை மாற்றுதல் வேறு. படிப்போர் இதனாற் காண்பது நின்னையேயாயின் இஃது உதவி; பிறனையாயின் களவு. யாரேனும் திருத்தினரோ என்று கல்லூரி வினவுமாயின் ஒளியாது கூறுக. கூறக் கூசும் உதவியைப் பெறாதே” என்றோம். அக்கல்லூரி அவரை ஏற்குமோ ஏலாதோ, அஃது அவர் வினைப்பயனும் திருவருட் குறிப்புமாம். எழுதியவன் தானாகவே நின்று எழுதினான் என்பது மட்டும் இனி மாறாது.

அடுத்த திங்கள் அதே திருக்கோயிலிற் பேச நேர்ந்தபோது, முன்னர் மாலை பெற்ற அந்நயத்தை மீண்டும் எடுத்து, அஃது எவருடையதென்பதை அவர் பெயர் சுட்டி அவையில் அறிவித்தோம். அவையோர் சிலர் புன்முறுவல் செய்தனர். எமக்கோ நெடுநாட்சுமை ஒன்று இறங்கிற்று.

சொல்லுக்கெல்லாம் மூலமாயுள்ளவன் இறைவன். நாதமும் அவன் சத்தியினின்றே தோன்றுவதாகலின், எல்லாச் சொல்லையும் தன் சொல்லென்னும் உரிமை ஒருவனுக்கு உண்டாயின் அஃது அவனுக்கே உண்டு. அத்தகையான் மாணிக்கவாசகர் ஓத ஏட்டில் எழுதியருளியபோது யாது செய்தான்? சொன்னவர் வாதவூரரென்றும், எழுதியவன் திருச்சிற்றம்பலமுடையானென்றும் கைச்சாத்திட்டுத் தில்லைத் திருவாயிற்படியில் வைத்தருளினான் என்பது நம் மரபு. சொற்கெல்லாம் உரியவனே தன்னை எழுதினவனென்று மட்டும் கூறி அடியவர்க்குரிய பெயரை அடியவர்க்கே அளித்தான். அவ்வேட்டின் கீழிருந்த கைச்சாத்தை ஒருகாற் கருதுவோமாயின், பிறர் ஏட்டின்கீழ் நம் பெயரை எழுத நம் கை எழுமோ?

திருச்சிற்றம்பலம்.